ஆள் இல்லாத படம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? புயல் கடந்துவிட்டது, தி.நகர் ஹாஸ்டலில் நான் சௌக்கியம்.

நேற்று கொட்டிவாக்கத்தில் கடல் அரித்த கரையைப் படமெடுத்தேன். வெறும் கரை மட்டும் வேண்டும் என்று, அங்கிருந்த ஒரு அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவரோ என்னை நிவாரணக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து, இடிந்துபோன தன் வீட்டுச் சுவரை ஒட்டி நிமிர்ந்து நின்றார்.

"இன்னாமா நீ? ஆள் இல்லாத படத்தக் காட்னா, இது யார் வூடுன்னு கேக்க மாட்டாங்களா?"

அவரோடு சேர்த்தே எடுத்தேன்.

வெள்ளையடித்த நம் வீட்டுப் படங்கள் வந்தன. வாசல், மாடி, தண்ணீர்த்தொட்டி எல்லாம் இருக்கிறது. வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். நீங்களும் அம்மாவும் வாசலில் நின்று இன்னொரு படம் அனுப்புங்கள். யார் வீடென்று தெரிய வேண்டாமா?

மதுமதி