கயிற்றில் தொங்கும் கொக்கி

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து கடல்காற்று. யன்னல் கண்ணாடி முழுக்க உப்பு. துடைத்தாலும் பின்னேரம் அதே கதி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக வீடு எடு என்று புத்தி சொன்னவர்களை ஒருநாள் கூப்பிட்டுத் துடைக்க விட வேண்டும்.

சென்னையிலிருந்து பதிப்பாளர் போன். நாவல் இரண்டாம் பதிப்புப் போகிறதாம். பின்னட்டைக்கு வாசகர் கருத்து ஐந்தாறு தேர்ந்து அனுப்பச் சொன்னார், பதினெட்டாம் திகதிக்குள். நல்ல அழுத்தமாக இருக்க வேண்டுமாம். அம்மாவுக்குச் சொன்னேன். உடனே சவ்வரிசி ஊறப் போட்டார், பாயாசத்துக்கு.

சந்தோஷப்பட வேண்டிய நாள். வேறு யாருக்கும் போன் எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

வாங்க: பாண், சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை (போன தடவை இரண்டு கடையிலும் இல்லை).

ஜூன் 3, செவ்வாய்

ஒஃபீஸில் மொழிபெயர்ப்பு மலை போல. காப்புறுதிப் படிவத்தில் 'இயற்கை அனர்த்தம்' என்பதை இன்றைக்கு எத்தனை தரம் தட்டினேனோ. சாப்பாட்டு நேரம் மேசையிலேயே இருந்து வாசகர் கருத்துகளைப் பிரதி எடுத்தேன்.

"கொக்கிக்காகவே இரண்டு முறை வாசித்தேன்."

"மற்றவர்கள் பரவாயில்லை. கொக்கிக்கு மட்டும்தான் உயிர் இருக்கிறது."

"திறக்கிற ஒவ்வொரு பூட்டிடமும் 'பூட்டே, கோவிக்காதே' என்கிறாளே. அந்த வரிக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்."

"மாளிகைக்குள் நுழைந்து பொன்னை விட்டுவிட்டு ஒரு கரண்டியைத் திருடுகிற கள்ளி! இந்த ஆசிரியருக்கு இதெல்லாம் எங்கிருந்துதான் தோன்றுகிறதோ."

"விளையாட்டிலிருந்து எழுதியது என்று நன்றாகத் தெரிகிறது. சண்டையில் ஒருவர் அடித்து முடியும்வரை மற்றவர் மரியாதையாகக் காத்து நிற்கிறார். இரண்டு நட்சத்திரம்."

"கயிறு அறுகிற அத்தியாயத்தை பஸ்ஸில் வாசித்து அழுது, இறங்க வேண்டிய இடத்தைத் தவற விட்டேன்."

இதில் காத்து நிற்கிற சண்டையும் கயிறு அறுகிறதும் மட்டும்தான் என் சொந்தச் சரக்கு. மற்றதெல்லாம் எங்கிருந்து தோன்றியது? கொட்டாஞ்சேனையிலிருந்து. மெலனி வாயிலிருந்து.

ஒழுங்காக எழுதி வைக்கிறேன், எனக்கே நான் கதை விடாமல் இருக்க. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி விளையாடினோம். ஆளுக்கொரு வேடம். என்ன நடக்கிறது என்று சொல்வது நான், வேடம் என்ன செய்யும் என்று சொல்வது அவரவர். முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; நான் வைத்த எண்ணுக்குக் குறையாமல் விழுந்தால் முடியும். முன்லேனில் போன் கடை வைத்திருக்கும் ஃபயாஸ், பூனைக்குப் பயந்த மந்திரவாதி. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற மெலனி, கொக்கி என்கிற கள்ளி. பூட்டிடம் மன்னிப்பு, கரண்டி, எல்லாம் அவள் அந்தந்த நேரம் வாய்க்கு வந்ததைச் சொன்னது. நான் இருந்து கேட்டேன். பிறகு எழுதினேன். அட்டையில் என் பெயர்.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரின் வேடத்தைச் சாகடிக்க வேண்டி வந்தால், கதை சொல்கிறவள் அவரின் முகத்தைப் பார்த்து "போகட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவர் "போகட்டும்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பகடை. இதை வைத்ததே நான்தான்.

ஜூன் 5, வியாழன்

மழை. ரயிலில் நனைந்த குடைகளுக்குள் நின்று வந்தேன்.

பின்னேரம் மெலனி போன் எடுத்தாள். பாமசி வேலை முடிந்து நடந்துகொண்டே கதைத்தாள், பின்னால் ஹோர்ன் சத்தம். பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாள், வழமை போல மத்தியானச் சாப்பாட்டுக்கு வரட்டாம். புத்தகத்தையும் மறக்காமல் கொண்டு வரட்டாம். கடையில் வாங்க மாட்டாள் அவள். நான் கையெழுத்துப் போட்டுக் கையில் தந்தால்தான் வாசிப்பாளாம், அதுதான் மரியாதையாம். அந்த மரியாதைக்குள் நான் இத்தனை மாதம் ஒளிந்திருக்கிறேன். மூன்று தரம் பையில் கொண்டு போய் மூன்று தரமும் திருப்பிக் கொண்டு வந்தாயிற்று.

வைக்கும்போது எப்போதும் கேட்கிறதைக் கேட்டாள். "சுகி, நான் இன்னும் கயித்தில தானா?"

எங்கள் கடைசிச் சனிக்கிழமை, கொக்கி கோபுரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே கயிற்றில் தொங்கினாள். மிச்சத்தை அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். பிறகு பெட்ரோல் வரிசை வந்தது, கரண்ட் கட் வந்தது, மெலனியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடுத்த கிழமை வரவேயில்லை. அதிலிருந்து ஒவ்வொரு போன் முடிவிலும் அவள் இதைக் கேட்பாள். நான் "ஓம், இறுக்கிப் பிடி" என்பேன். சிரித்துக்கொண்டு வைப்பாள்.

இன்றும் "ஓம், இறுக்கிப் பிடி" என்றேன்.

அவள் கொஞ்சம் பொறுத்துத்தான் வைத்தாள். ரோட்டைக் கடந்திருப்பாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். சோறும் காணாது.

ஜூன் 8, ஞாயிறு

போனுக்குக் கண்ணாடி மாற்ற ஃபயாஸ் கடை. இரண்டாம் பதிப்பு என்றதும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். முதல் பதிப்பு வந்த நேரம், மெலனியிடம் கேட்டுத்தான் கொக்கியை முடித்தீர்களா என்று கேட்டவர் இவர். ஓம் என்று சொல்லியிருந்தேன். இன்றைக்கு அதை நினைவு வைத்து, மெலனிக்குப் பெரிய மனசு, என்ட மந்திரவாதியை நீங்க கேட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன் என்றார்.

ஐஸ்கிரீமைப் பாதியில் வைத்துவிட்டேன். பல் கூச்சம் என்று சொன்னேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் பல்லையும் விடுகிறதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி லீவு. கீழே தன்சல், இலவசச் சாப்பாட்டுப் பந்தல்; சனம் வரிசையில் நின்று மரவள்ளிக்கிழங்கு வாங்குகிறது. பக்கத்து வீட்டு நந்தா அக்கா எங்களுக்கும் ஒரு பார்சல் தந்தார். கட்டச் சம்பல் நல்ல உறைப்பு.

அம்மா ஒருவழியாகப் புத்தகத்தை முடித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "உந்தக் கள்ளி எங்கட மெலனியெல்லே? பிள்ளையை ஏன் விழுத்தினனி?"

கதைக்குத் தேவைப்பட்டது என்றேன். "கதைக்கோ உனக்கோ" என்றார். பிறகு கிழங்கு ஆறுகிறது என்று எழும்பிப் போய்விட்டார்.

உண்மை இதுதான். முடிவு சப்பென்று இருக்கிறது, யாரையாவது இழக்க வேண்டும் என்று பதிப்பாளர் சொன்னார். யாரை என்று யோசித்தேன். ஃபயாஸ் முன்லேனில் இருக்கிறார், சண்டைக்கு வருவார். மெலனி தூரத்தில் இருக்கிறாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு பின்னேரத்தில் அறுத்துவிட்டேன். எழுதி முடித்ததும் நான் அழுதேன், நன்றாக வந்திருக்கிறது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

முதல் பக்கத்தில் என்ன எழுதுவது?

'அன்புள்ள கொக்கிக்கு' — முடியாது. 'என்னை மன்னித்துக்கொள்' — வாசிக்க முதலே பயப்படுவாள். 'நீ இல்லாமல் இது இல்லை' — அப்படியென்றால் அட்டையில் ஏன் இல்லை என்று கேட்கலாம், நியாயம்.

'மெலனிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனை கசிந்து விரல் நீலம்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். சாப்பிட முதல். சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் அது இன்னும் கேவலம்.

ஜூன் 13, வெள்ளி

சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னேன். இல்லை, நான் சொல்லவேயில்லை.

கோவில் பக்கம் ரோட்டெல்லாம் மூடி. த்ரீவீல்காரர் தூரத்திலேயே இறக்கிவிட்டார். மெழுகுதிரி, கச்சான், பலூன், வெயில், சனம். மெலனி வீட்டு மாடிப்படியில் செருப்புக் குவியல். மஞ்சள் சோறு, கோழிக்கறி, கட்லட், கத்தரிக்காய் மோஜு. அவளுடைய சித்தி இரண்டாம் தரமும் போட்டார், மறுக்கத் தைரியம் இல்லை. பிறகு எல்லோரும் அந்தோனியார் சுற்றுப்பிரகாரம் வருவதைப் பார்க்கக் கீழே இறங்கினார்கள். மெலனி கால் நோகிறது என்று நின்றுவிட்டாள். நானும் அவளும், மேசையில் எச்சில் தட்டுகளும்.

புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள், நேரே அந்த அத்தியாயத்துக்கு.

போன கிழமை பாமசிக்கு இருமல் மருந்து வாங்க ஒரு கம்பஸ் பிள்ளை வந்தாளாம். தோள்பையில் 'பூட்டே, கோவிக்காதே' என்று அச்சடித்திருந்ததாம். மெலனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது நான்தான், நான் சொன்னதுதான் என்று அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை கண் கலங்கி, அக்கா, கடைசியில் அவள் விழுந்து சாகிற இடம்தான் கதையிலேயே திறம் என்றாளாம்.

எப்போது என்று கேட்டேன்.

"நான் உனக்குப் போன் எடுத்ததுக்கு முதல் நாள்."

அப்படியென்றால் கயிற்றைப் பற்றிக் கேட்டபோது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறாள்.

"நீ சொல்லுவாய் எண்டுதான் கேட்டன், சுகி. நீ இறுக்கிப் பிடி எண்டாய்."

நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னிப்பு, பதிப்பாளர், முடிவு சப்பென்று இருந்தது, ஏதேதோ. அவள் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாள். கோபமாக இருக்கவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தன் அம்மா வார்டில் கிடந்த மாதங்களில் கொரிடோரில் நிற்கும்போது அவளுக்கு ஒரு நினைப்பாம்: பரவாயில்லை, நான் கயிற்றில்தான் நிற்கிறேன், சுகி இன்னும் விடவில்லை. நினைத்துத் தனியச் சிரிப்பாளாம், நர்ஸ்மார் பார்ப்பார்களாம்.

அந்த மாதங்களில் நான் ஒருதரமும் போய்ப் பார்க்கவில்லை. பெட்ரோல் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ரயில் ஓடியது.

செபமாலைப் பெட்டிக்குள்ளிருந்து அவளுடைய பகடையை எடுத்து வந்தாள். அந்த ஊதா நிறப் பகடை. அறுக்க முதல் உருட்டினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். மேலே ஏற எத்தனை வேண்டும் என்று கேட்டாள். பதினெட்டு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பன்னிரண்டு என்று உண்மையைச் சொன்னேன்.

கோழி எலும்புத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உருட்டினாள்.

பதினேழு.

"பாத்தியா? நான் ஏறியிருப்பன்."

அழுதது நான்தான். அவள் பகடையைத் துடைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். இரண்டாம் பதிப்பில் உன் பெயரைப் போடுகிறேன், கொக்கி மெலனியுடையவள் என்று முதல் பக்கத்திலேயே போடுகிறேன் என்று சொன்னேன். அதைத்தான் பெரிய பரிகாரமாக ரயிலில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

"வேண்டாம். என்ர பேரைப் போட்டா, நீ கேட்டு நான் 'போகட்டும்' எண்டு சொன்ன மாதிரி ஆகிடும்."

கீழே சீனவெடிச் சத்தம். சித்தி படியில் ஏறி வந்து, சுகிக்கு இன்னும் வட்டிலப்பம் குடுக்கவில்லையா என்று மெலனியை ஏசினார். தின்றேன்.

ஜூன் 16, திங்கள்

பதிப்பாளருக்குப் போன் எடுத்துக் கயிறு அத்தியாயத்தை மாற்றலாமா என்று கேட்டேன். அவள் ஏறிவிடுகிற மாதிரி.

"ஐயோ மேடம், அதுல கை வெக்காதீங்க. அந்தக் கயித்துலதான் புத்தகமே நிக்குது."

பொல்லாத மனுசன் இல்லை. தொழிலைச் சொல்கிறார். நானும் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம். அம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் புட்டுக் கொஞ்சமாக வைத்தார்.

ஃபயாஸிடம் போய் நான் மெலனியிடம் கேட்கவேயில்லை என்று சொன்னேன். அவர் ஒரு சார்ஜரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

ஜூன் 18, புதன்

வெயில். யன்னல் துடைத்தேன்.

கருத்துகளை அனுப்பிவிட்டேன். இரண்டு நட்சத்திரக்காரருடையதை முதலில் வைத்தேன், பதிப்பாளர் தூக்கிவிடுவார். பஸ்ஸில் அழுதவருடைய கருத்தையும் அனுப்பினேன். விட்டிருக்கலாம். நன்றாக எழுதியிருந்தார், அதனால் அனுப்பினேன். நான் இப்படித்தான்.

பின்னேரம் மெலனி போன். அம்மாவின் பிரஷர் குளிசை வந்திருக்கிறதாம், இரண்டு மாதத்துக்கு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். ஓம் என்றேன். சித்திக்குச் சுகர் ஏறிவிட்டதாம், திருநாள் வட்டிலப்பத்தின் வேலை. சிரித்தோம், இரண்டு பேரும், பழைய மாதிரியே. கொட்டாஞ்சேனைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வர முதல் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள்.

"சரி சுகி, வைக்கட்டா?"

போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன், கயிற்றைப் பற்றிக் கேட்பாள் என்று. ஹோர்ன் சத்தம், அவளுடைய செருப்புச் சத்தம்.

கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.