டிரம்ஸ் பிந்துகிற பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு லோர்னா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டட்லியில் குளிர் தொடங்கியிருக்கும், மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

நடுக்கடலில் இருக்கிற எங்கள் எண்ணெய் மேடையைச் செய்தியில் காட்டினால் பயப்படாதீர்கள். புயலில் ஒரு நங்கூரச் சங்கிலி அறுந்தது, அவ்வளவுதான். உயிர்காப்பு உடையோடு எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஹெலிகாப்டர் வரவில்லை. தரை சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கிரேன் ஓட்டுகிற மேக்னஸ் ஸ்பீக்கரில் ஒரு பழைய ஹார்ட் ராக் ஆல்பம் போட்டார். நீங்கள் டிரம்ஸ் அடிக்க, கிளைவ் சித்தப்பா பாடிய உங்கள் இரண்டாவது ஆல்பம்!

"நிறுத்துய்யா! டிரம்ஸ்காரன் தூங்கி வழியறான்," என்று சமையல்காரர் டுகால் கத்தினார். ஆல்பம் வந்தபோது பத்திரிகைகள் எழுதியதும் இதைத்தானே. சித்தப்பாவும் அதையே சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்கப்பாதான் அது. திரும்பப் போடுங்க," என்றேன்.

இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு வரியிலும் குடிபோதையில் பிந்துவது சித்தப்பாவின் குரல். நீங்கள் ஓங்கிய குச்சியோடு காத்திருந்து, அவர் குரல் வந்த பிறகே அடிக்கிறீர்கள்.

"அட, ஆமா! உங்கப்பா மட்டும் காத்து நிக்கலேன்னா பாடுறவன் அங்கேயே விழுந்திருப்பான்," என்றார் டுகால்.

சித்தப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட நீங்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லையே, அப்பா.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். பரணில் இருக்கிற டிரம்ஸை விற்றுவிடாதீர்கள். மறுபடி அபாய மணி அடிக்கிறது, எல்லோரையும் கூப்பிடுகிறார்கள். நான் வரக் கொஞ்சம் பிந்தும். உங்களுக்குக் காத்திருக்கத் தெரியும்.

உங்கள் லோர்னா