சர்க்கரை மெஷின் பொய் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். சுகம் என்று இத்தனை காலம் கடிதத்துக்கு வேண்டுமே என்று எழுதினேன், இன்றைக்கு மார்தட்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் அம்மா ஜெயித்துவிட்டாள். யாரை என்று கேட்கிறாயா? உன் அப்பாவை, டாக்டரம்மாவை, போனில் "பேசாம இரும்மா, லேப் தப்பு சொல்லுமா" என்று கத்தினாயே, உன்னையும் சேர்த்துத்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நகைக்கடைத் தராசைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது முள் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், முகம் கழுவினேன், அப்படியேதான் இருந்தது. அதோடு தண்ணீர் குடித்து மாளவில்லை, குடித்ததை இறக்கி மாளவில்லை. மருந்துக்கடைக்காரர் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு சர்க்கரை இருநூற்று நாற்பது என்றார். பதறிக்கொண்டு, நான் மாதாமாதம் மாத்திரை வாங்குகிற நம் கிளினிக்குக்கு ஓடினால், மூன்று மாதச் சராசரி காட்டுகிற சோதனையில் எல்லாம் சரி என்று வந்தது. டாக்டரம்மா "கடை மெஷினை நம்பாதீங்கம்மா, அன்னைக்கு ஏதாவது இனிப்பு சாப்பிட்டிருப்பீங்க" என்றார். அவ்வளவுதான், உன் அப்பா துப்பறிய ஆரம்பித்துவிட்டார், பிஸ்கட் டப்பாவை எல்லாம் மோந்து பார்க்கிறார், என் வேலைப்பையைக்கூட விடவில்லை. சிரிக்காதே, எனக்கு அப்போது அழுகைதான் வந்தது. கண் போனால் தராசு பழுது பார்க்கிற வேலை போச்சு, அந்த வேலை இல்லாமல் நான் என்ன செய்வேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது. இதற்கு நடுவில் கிளினிக்கில் பக்கத்து நாற்காலிக்காரி, எச்.ஐ.வி. மாத்திரைதான் சர்க்கரையை ஏற்றும், நிறுத்திவிடு என்று காதைக் கடித்தாள். பதினாறு வருஷமாக என்னை உயிரோடு வைத்திருக்கிற மாத்திரை. ஒருநாள் காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன், உன்னிடம் மறைப்பானேன். அப்புறம் விழுங்கிவிட்டேன்.

விழுங்கிய கையோடு ரோஷம் வந்தது. ஒரே சாமானை இரண்டு தராசு இரண்டு விதமாகக் காட்டினால் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு. ஒரு சர்க்கரை மெஷின் வாங்கினேன். எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிக்கிற மாதிரி, இவ்வளவுதான் காட்ட வேண்டும் என்று அளவு தெரிந்த திரவம் ஒன்று அந்த மெஷினுக்கும் விற்கிறார்கள். மூன்று தடவை விட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அளவுக்குள் நின்றது. பிறகு பன்னிரண்டு நாள் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் குத்தி, நோட்டில் எழுதி, டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். "மெஷின் சரி. உங்க சோதனைதான் எனக்குத் தப்பா காட்டுது. ஏன்னு சொல்லுங்க" என்றேன். நானா பேசினேன் என்று இருந்தது.

அந்த அம்மா நல்லவர், கோபப்படவில்லை. பெரிய டாக்டரிடம் கேட்டார், நரம்பில் ரத்தம் எடுத்து வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கச் சொன்னார், அதுவும் என் நோட்டு சொன்னதையே சொன்னது. விஷயம் இதுதான். என்னுடைய பழைய எச்.ஐ.வி. மாத்திரையால் இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கிறது, சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிட்டது. அதே மாத்திரை ரத்தத்தின் சிவப்பு அணுக்களையும் மாற்றிவிட்டதாம். மூன்று மாதச் சோதனை அந்த அணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது, அதனால் குறைத்துக் காட்டிவிட்டது. திருடனே காவல்காரனைத் தூங்க வைத்த மாதிரி. இப்போது மாத்திரையை மாற்றிவிட்டார்கள். புதியதும் சிலருக்குச் சர்க்கரையை ஏற்றுமாம், அதனால் மெஷினைக் கீழே வைக்கவில்லை. சர்க்கரை மாத்திரையையும் அளவைக் குறைத்துத்தான் தந்திருக்கிறார்கள், புதிய மாத்திரை அதன் வேகத்தைக் கூட்டுமாம். நேற்றுக் காலை நூற்று நான்கு! எச்.ஐ.வி. கிருமி ரத்தச் சோதனையில் அகப்படவே இல்லை. தராசு முள் ஒன்றாகத் தெரிகிறது. உன் அப்பா "நான்தான்டி முட்டாள்" என்று வாயாலேயே சொல்லிவிட்டார், தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் கேள். பழைய மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் டாக்டரம்மா மறுபடி பார்த்ததில் இன்னும் ஒன்பது பேருக்குச் சர்க்கரை ஒளிந்திருந்தது. நீங்களே சொன்னால் கேட்பார்கள் என்று என்னைக் கூப்பிட்டார். பதினாறு வருஷம் கிளினிக்கில் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள், போன வாரம் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, "நானும் இதே மாத்திரைதான் சாப்பிட்டேன், யாரும் தானா நிறுத்தாதீங்க, வேற சோதனை கேளுங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கடைசியாக ஒன்று. உன் கல்யாணத்தின்போது, எனக்கு இந்த நோய் இருப்பதை மாப்பிள்ளையிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். எட்டு வருஷம் என் பயத்தை நீ சுமந்தாய், என்னை மன்னித்துவிடு கண்ணே. அந்தச் சத்தியம் இனி உனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தை மேஜையில் திறந்தே வை, யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து கையெழுத்துப் போடும்
உன் அம்மா