‘நார்மல்’ நடை

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் மறந்துவிட்ட துப்பட்டாவில் அனல்மின் நிலையத்துச் சாம்பல். எண்ணூரில் வெள்ளைத் துணி வாங்குகிறவளைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வேலை: கபூர் பாய், தண்டையார்பேட்டை, மரக்கடை. இடது முழங்கால் வளைவு. வியாழன் ஆபரேஷன். முட்டிக்குக் கீழே எலும்பை அறுத்து, சற்றே திறந்து, தகடு வைப்பார்கள். எத்தனை டிகிரி திறப்பது என்பது என் கணக்கு. ஸ்கேனிலிருந்து எலும்பு, அதன்மேல் தசை. பிறகு அதைத் திரையில் நடக்கவிட்டு, பாரம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

எப்போதும் நடக்கவிட்டு எண்ணை மட்டும் தருவது தினேஷ், என்னுடன் கணக்குப் போடுகிறவன்; இன்று லீவு. நானே நடக்கவிட்டேன். வலது குதிகால் தாமதமாக விழுந்தது. பெருவிரல் தரையை உரசிக்கொண்டு கிளம்பியது. இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாத எலும்பு. ஆனால் நடை என் தம்பி பாபுவுடையது.

பந்தாடிக் கணுக்கால் போனதிலிருந்து அப்படித்தான் நடப்பான். வலது செருப்பு மட்டும் முனையில் தேயும். லாரி அடித்து அவன் போய் இது மூன்றாவது மழை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. குழம்பில் உப்பு தூக்கல்.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. கபூர் பாய் வந்தார். காலை அகட்டி, படகு ஆடுவது போல நடக்கிறார். திரையில் பார்த்ததற்குச் சம்பந்தமே இல்லை.

"இன்னாமா, என் எலும்ப டிவில நடக்க வுடுவியாமே? காட்டு பாக்கலாம்."

காட்டினேன். சிரித்துக்கொண்டே பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இது நா இல்லம்மா. யாரோ சின்ன வயசுப் பையன். பேஜாரா எங்கியோ போய்க்கினு கீறான்."

லாரி அடித்த அன்று பாபுவும் அப்படித்தான், மனசு சரியில்லாமல், சாப்பிடாமல் கிளம்பினான்.

தினேஷைக் கேட்டேன். நோயாளி நடப்பதைப் படமெடுத்துப் பதியும் அறையில் கேமரா பழுதாகி ஆடியிலிருந்து பூட்டு. நோயாளியின் சொந்த நடை கிடைக்காவிட்டால், நல்ல காலுள்ள யாராவது ஒருவரின் நடையைப் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

"பழைய ஃபைல் ஒண்ணு பேரே இல்லாம இருந்துச்சு மேடம். நல்லா ஓடுச்சு. நாந்தான் நார்மல்னு பேர் வெச்சேன்."

அந்த அறை திறந்த நாள் ஞாபகம் வந்தது. முதலில் யாரை நடக்கவைப்பது என்று தெரியாமல், எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த பாபுவின் காலில், கேமராவுக்குத் தெரிகிற குட்டி உருண்டைகளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டினோம். "இன்னாக்கா, மாரியாத்தா வந்தமாரி கீது" என்று ஒரே சிரிப்பு.

டேய் பாபு. நீ நார்மலாடா?

நவ. 5, புதன்

புழுக்கம். இரண்டு போன்களை ஸ்டாண்டில் கட்டி, கபூர் பாயை வராந்தாவில் நடக்கவைத்து எடுத்தோம். அவர் எலும்பு இப்போது அவரைப் போலவே ஆடி ஆடி நடக்கிறது. கோணம் மாறிவிட்டது. டாக்டரிடம் சொன்னேன். முகம் வெளுத்தது. நாளைக்குப் புதுக் கணக்குதான்.

ஆடியிலிருந்து எத்தனை பேருக்கு அந்த ஃபைல்?

தினேஷ் தரையைப் பார்த்தான். "கோணம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அவ்ளோதான் மேடம். ஃபைல்ல இருக்கறவர் நடையா வந்து ஒட்டிக்கும்?"

ஒட்டாது. எனக்கும் தெரியும். எல்லாரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

ஃபைலை அழிக்க வேண்டும். யாரும் இல்லாதபோது எலும்பு எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டேன். வெறும் புள்ளிகள். வந்தான், போனான், வந்தான். போட்டோவில் இருப்பவன் அசைய மாட்டான்; இவன் ஒருவன்தான் அசைந்துகொண்டிருந்தான்.

அழித்துவிட்டேன். பாவி நான்.

நவ. 6, வியாழன்

பெருமழை. கபூர் பாய் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

அம்மாவுக்குக் கண் பரிசோதனை, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்காமல் உட்காரச் சொல்லியிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் பக்கத்தில் இருந்தேன். சாரல் உள்ளே அடித்தது.

மூலைக்கு அந்தப்பக்கம் காலடி. டக். அப்புறம் ஒரு உரசல். டக். உரசல்.

அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். கண் மூடியபடியே. "பாபு வரான்டி. தள்ளி குந்து."

மூலை திரும்பி வந்தது ஒரு பெண். வள்ளூர்க்காரி. ஆவணியில் ஆபரேஷன், என் கணக்கு. நேற்று கூப்பிட்டவர்களில் முதலில் வந்தவள். வலது செருப்பு முனையில் தேய்ந்திருந்தது.

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். "வா நைனா. நனைஞ்சிகினா வந்த?"

அந்தப் பெண் உட்கார்ந்தாள். அம்மா அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா நடக்கறனா மேடம்?"