கூரை ஒட்டாத பெட்டி

என்னங்க,

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார்.

நேற்று, "நீ தூசி தட்டறப்போ கைபட்டுத்தான் என் மாடல் ரயில் பெட்டி தடம் புரளுது" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தீர்களே, அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. இன்று காலை தொட்டேன். கோபத்தில் இல்லை, அப்படி என்னதான் ஆகிறது என்று பார்க்கத்தான். தண்டவாளத்தில் வைத்துக் கையால் ஒன்பது முறை தள்ளினேன். நேராகச் சமர்த்தாகப் போகிறது, வளைவு வந்ததும் முன்சக்கரம் ஏறிக் குதிக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால், சக்கரச் சட்டத்தை நீங்கள் முறுக்கிய முறுக்கில் அது இப்படி அப்படித் திரும்பவே இல்லை. தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று தளர்த்தினேன். இப்போது வளைவில் வழுக்கிக்கொண்டு போகிறது.

அப்படியே உள்ளேயும் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரம் விரல்நகம் அளவுக்கு ஒரு பெண், கழுத்தில் நூல் கனத்தில் மஞ்சள் கோடு. அது என் இஞ்ச் டேப்தானே? கூரையை ஒட்டிவிட்டால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாதே, பிறகு எதற்கு வரைந்தீர்கள்? பதில் தெரியும்வரை கூரையை ஒட்டக்கூடாது.

பி.கு: ரயில் கிட் டப்பாவில் மிச்சமிருந்த, உங்களைப் போலவே இருக்கும் வழுக்கைத் தலைப் பொம்மைக்காரரை அவளுக்கு எதிர் சீட்டில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து சீட்டு காலிதான். அங்கே மாற வேண்டுமானால், "தப்பு என்மேலதான்" என்று ஒரு வார்த்தை போதும். பசை காய சாயங்காலம் ஆறு மணியாகும். நான் ஐந்தரைக்கே வந்துவிடுவேன்.