கண்ணாடி ஏற்றிய கார்

அண்ணா,

உன் காரியத்துக்குப் பந்தல் போட, முற்றத்தில் நின்ற உன் காரைத் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. நான்தான் கதவைத் திறந்தேன். வெயிலில் மூடிக் கிடந்த ரெக்ஸின் வாடை முகத்தில் அடித்தது. இத்தனை வருஷம் கழித்தும் உடம்பு கூசியது.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, நம் மாங்காய் மண்டி நன்றாக நடந்த காலம். பெங்களூரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் அந்தப் பழைய வண்டியை வாங்கினாய். காவேரிப்பட்டினத்தில் ஏர்கண்டிஷன் வைத்த ஒரே கார். அடுத்த கோடையிலேயே குளிர் நின்றுவிட்டது. ஓசூர் மெக்கானிக் பார்த்துவிட்டு, "பார்ட்ஸ் சீமையில இருந்து வரணுங்க. பேசாம கழட்டிடுங்க, இன்ஜினுக்கும் பாரம் கொறையும்" என்றார்.

"கழட்டிட்டா அப்புறம் இது வெறும் பழைய காரு" என்றாய். பழுது பார்க்கவும் இல்லை, கழற்றவும் இல்லை. சூடான காற்றை ஊதியபடி அது அப்படியே இருந்தது.

அப்போதுதான் எனக்கு நாகரசம்பட்டியில் நிச்சயமானது. பெங்களூரில் முகூர்த்தப் புடவை எடுக்க, மாமனாரையும் மாமியாரையும் உன் காரிலேயே அழைத்துப் போனாய். மாமனார் முன்னால் உட்கார்ந்தார். நானும் மாமியாரும் பின்னால். "கண்ணாடியெல்லாம் ஏத்திருங்க மாமா, ஏர்கண்டிஷன் போடப் போறேன்" என்றாய். உன் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் உன் கண்ணைத் தேடினேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

கிருஷ்ணகிரி தாண்டும்போதே மாமனாரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "நல்லாக் குளுருது" என்றார் அந்த மனிதர். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது எனக்கு. சூளகிரி கடந்து, சானமாவுக் காட்டை நெருங்கும்போது மாமியார் என் தோளில் சரிந்தார். கை சில்லிட்டிருந்தது. கத்திவிட்டேன்.

புளியமரத்தடியில் நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் இறக்கினாய். மாமனார் ஒரு குடிசைக்கு ஓடி, சொம்பில் தண்ணீர் வாங்கி வந்து மாமியார் முகத்தில் தெளித்தார். அவர் கண் திறந்ததும், மாமனார் மிச்சத் தண்ணீரை உன்னிடம் நீட்டினார்.

"நீயும் குடி தம்பி. காத்து வாங்க எதுக்கு வெக்கம்? தொறந்தே போலாம்."

கண்ணாடியை இறக்கிவிட்டே பெங்களூர் போனோம். புடவையும் எடுத்தோம்.

மறுநாளே ஓசூர் போய் அந்த ஏர்கண்டிஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாய். "சிரிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். தண்ணி குடுத்தாரே" என்று என்னிடம் சொன்னாய். என் கல்யாணத்தில் சமையல் பந்தலை விட்டு நீ வெளியே வரவில்லை. பிறகு சீர் கொண்டுவந்தாலும் தெருமுனையில் நின்று ஆளிடம் கொடுத்தனுப்பினாய். "உங்கண்ணன் ஏன் உள்ள வர்றதில்ல?" என்று மாமியார் கேட்கும்போதெல்லாம், மண்டியில் வேலை என்பேன். உனக்காகக் கூசினேனா, உன்னால் கூசினேனா, இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று காரியம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கண்ணன் காருதாம்மா நான் ஏறுன மொத காரு. வாந்தி எடுத்துட்டா மானம் போயிரும்னு, முந்தின நாள்ல இருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. அதான் மயக்கம் வந்துச்சு. காருல ஏறுனதே இல்லன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. பாவம், அந்தப் புள்ள தன்னாலதான்னு நெனச்சிருக்குமோ?"

நீ இருந்தபோது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்லைங்க அத்தை, அண்ணன் அத அப்பவே மறந்துட்டாரு" என்றேன்.

அவர் நிம்மதியாக எழுந்து போனார். உன் வெட்கத்தோடு, இனி அவருக்குத் தெரியாமல் இந்தப் பொய்யும் என்னிடம்தான் இருக்கும்.