மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது

அத்தை,

மிக்சி மூடியைத் திறந்ததும் வறுத்த மல்லியும் தேங்காயும் சேர்ந்த வாசம் எழுந்தது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை என் கை தானாக இறக்கிவிட்டது. உங்கள் வீட்டில் இந்த வாசம் வந்தால், கதவுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள் என்று பொருள்.

இது நாமக்கல்லில் எங்கள் வீடு. அடுப்பில் நான். உங்கள் மகள் கூடத்தில் பேப்பரின் ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் படிக்கிறாள். நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து அவள் கறி தொடுவதில்லை. எனக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, தனக்கு ரசம் ஊற்றிக்கொள்கிறாள். கேட்டால், "எறங்கலீங்க" என்பாள். வருஷமும் திரும்பிவிட்டது. அவளை எப்படியாவது சாப்பிட வைக்க வேண்டும் என்றுதான் இன்று கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

முட்டைக்குப் பேர் போன ஜில்லாவில் கோழி அடித்தால் அது விருந்தில் சேராது. எனவே நாங்கள் மறுவிருந்துக்கு மல்லசமுத்திரம் வந்தபோது மாமா இளங்குட்டிக் கறி வாங்கியிருந்தார். முந்தின நாள்தான் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது. முதல் வாயிலேயே "ஸ்ஸ்" என்றேன். கதவுக்குப் பின்னால் அந்த ஓசை சட்டமாகிவிட்டது.

"மாப்பளைக்குக் காரம் ஆவாது சாமி" என்று மகளிடம் சொன்னீர்கள்.

அடுத்த முறை மிளகாய் பாதியானது. அதற்கடுத்து, தேங்காய்க்கு நடுவே அது ஒரு வதந்தியாக மிஞ்சியது. நாம் நேரில் பேசும் வழக்கமில்லை. ஆகவே பல்லைப் பற்றி உங்கள் மகளைத் தூது அனுப்பினேன். அவள் உள்ளே போய்வந்து, உங்கள் குரலிலேயே தீர்ப்பைச் சொன்னாள்: "மாப்பளை மருவாதைக்குச் சொல்றாரு சாமி. நல்ல மனுசன்."

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. நான் வற்புறுத்த வற்புறுத்த இன்னும் நல்லவனானேன்; குழம்பு இன்னும் வெளுத்தது.

மாமா பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். ஒருமுறை என் பக்கம் குனிந்தார்.

"ஏனுங் மாப்பளை, அந்தப் பல்லு இன்னும் ஆறலீங்களா?"

"அது போயி வெகுநாளாச்சுங்க மாமா."

"பல்லு போச்சு, கூடவே எங்கூட்டு மொளகாயும் போச்சுங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. இருவரும் அவரவர் இலையைப் பார்த்தோம்.

இன்று எந்தக் குழம்பை வைப்பது என்று அரைக்கும் முன்பே யோசித்தேன். உங்கள் மகள் சின்ன வயதில் சாப்பிட்டது கண்ணில் நீர் வரவைக்கும் குழம்பு என்பார் மாமா. எனக்குத் தெரிந்ததோ எனக்காக நீங்கள் வைத்தது. சின்ன வெங்காயம், மல்லி, கொஞ்சம் மிளகு, தாராளமாகத் தேங்காய். கையில் அள்ளிய மிளகாயில் இரண்டைப் போட்டுவிட்டு மீதியை டப்பாவுக்கே அனுப்பினேன்.

இலை போட்டதும் அவள் ரசத்தைத் தேடினாள். வைக்கவில்லை என்றேன். சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, அதை விரல்களிலேயே வைத்திருந்தாள். பிறகு வாயில் போட்டாள்.

"காரமே இல்லீங்க."

நான் சட்டியில் கரண்டியை விட்டுக் கிளறினேன்.

"அம்மா வெச்ச மாதிரியே சப்புன்னு இருக்குதுங்க." சிரித்தாள். கண் கலங்கியது, காரத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. "இன்னும் ரெண்டு துண்டு போடுங்க."

போட்டேன். எனக்குக் காரம் பிடிக்கும் என்பது இன்றும் உண்மைதான், அத்தை. ஆனால் அந்த வழக்கை இனி நடத்தப்போவதில்லை. உங்கள் தீர்ப்பு இந்த வீட்டில் செல்லும்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் அவள் மாமாவுக்குப் போன் செய்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம வந்துருங்கப்பா. கறிக்கொழம்பு. உங்க மாப்பளை அம்மா பக்குவத்துலயே வெக்கறாரு."

மாமாவின் குரல் போனைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"வாரேன் சாமி. மொளகா நான் கொண்டாரட்டுமா?"